கண்கட்டிக்கு வெந்நீர் ஒத்தடமா, ஐஸா?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. இரண்டு நாளாக வலது மேல் இமையின் ஓரம் சிவந்து வீங்கியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. மாமியார் நாமக்கட்டி உரசிப் போடுகிறார். பக்கத்து வீட்டில் ஐஸ் வைக்கச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சரியாகிவிடுமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது கண்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே வடிந்துவிடும்.

இமை ஓரத்தில் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று அடைத்துக்கொண்டு, தோலில் வழக்கமாகவே இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அங்கே பெருகினால் கட்டி வரும். உள்ளே இருக்கும் எண்ணெய் உறைந்த நெய் மாதிரி. அதை இளக்கச் சூடுதான் வேண்டும். ஐஸ் நல்லதுதான், ஆனால் அது அலர்ஜியால் அரிப்போடு வீங்கும் இமைக்கும், பூச்சி கடித்த வீக்கத்துக்கும்.

ஒத்தடத்தைப் பலரும் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், அதனால்தான் பலன் தெரிவதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துவைத்த பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். இமைத் தோல் மிக மெல்லியது, சுட்டுவிடக் கூடாது. அப்புறம் மூடிய கண்மேல் வைத்து, ஆற ஆற மறுபடி நனைத்து, முழுதாக 10 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அவளுக்குத் தனித் துண்டு கொடுங்கள். கட்டியைப் பிதுக்க மட்டும் வேண்டாம்.

நாமக்கட்டி போட்டால் குளுகுளுவென்று இருக்கும், உண்மைதான். ஆனால் காய்ந்து உதிரும் துகள் கண்ணுக்குள் விழுந்தால் கருவிழியில் கீறல் விழலாம். மாமியாரிடம் ஒத்தடம் கொடுக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். பேத்தியைப் பத்து நிமிடம் மடியில் படுக்கவைக்க அவரைவிடப் பொறுமையான ஆள் கிடைக்காது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். மெடிக்கலில் தாங்களாகவே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும்.

காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கன்னம் வரை பரவினாலோ, கண்ணைத் திறக்க முடியாவிட்டாலோ, அசைத்தால் வலித்தாலோ, விழி பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கிருமி கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம், அது ஆபத்து.

வலி போய் ஒரு மாதத்துக்கு மேலும் உருண்டையாக நின்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்கடி வந்தாலும் அப்படியே. தலையில் பொடுகு இருக்கிறதா, கண்ணை அடிக்கடி கசக்குகிறாளா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று: எந்தக் குழந்தைக்காவது வலியே இல்லாமல், காலையில் எழும்போது இரண்டு கண்ணும் உப்பியிருந்தால் அது கண் வியாதியாக இல்லாமல் சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று அந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள்.