மலைப் பேருந்தில் எதைப் படிப்பது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறீர்கள், ‘அட்டாமிக் ஹேபிட்ஸ்’ என்ற சுயமுன்னேற்றப் புத்தகம் பாதியில் நிற்கிறது, ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம் என்றதும் மலைப்பாக இருக்கிறது, பயணத்தில் இந்த இரண்டில் எதைப் படிப்பது என்பதுதானே கேள்வி? முதலில், அடிவாரம் தாண்டியதும் புத்தகத்தை மூடிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குனிந்தபடியே படித்தால் குமட்டல்தான் மிச்சம்.

கோரிமேடு வழியாக அடிவாரம் வரும்வரை கிடைக்கிற நேரத்துக்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’தான் சரி. 1950இல் வாரத் தொடராகத் தொடங்கிய கதை. அதனால் அத்தியாயங்கள் சின்னவை, பெரும்பாலும் அடுத்து என்ன ஆகுமோ என்ற இடத்தில்தான் நிறுத்துவார். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறானே, அந்த முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். ஒட்டவில்லையா, விட்டுவிடுங்கள். நாட்டுடைமை ஆனதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போனில் கண் வலித்தால் முதல் பாகம் ‘புது வெள்ளம்’ மட்டும் வாங்குங்கள், ஐந்தையும் வாங்கி அடுக்க வேண்டாம்.

‘அட்டாமிக் ஹேபிட்ஸ்’ஸா? பழக்கத்தைச் சின்னதாக ஆரம்பி என்பதுதான் சாரம், பாதி படித்ததே போதும். (சுயமுன்னேற்றப் புத்தகங்களில் முக்கால்வாசி இப்படித்தான், உதாரணக் கதைகளை உருவிவிட்டால் மெலிந்துபோகும்.)