எல்லா வரியிலும் என் பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் புராஜெக்டுக்குப் பதினெட்டு வயது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் பழைய மென்பொருளான சப்வெர்ஷனில்தான் இன்னமும் இருக்கிறது. அதே வேலைக்குப் பின்னால் வந்த கிட்டுக்கு அதை மாற்றும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். “பழைய வரலாறு யாருக்கு வேண்டும்? இன்றைய சோர்ஸ் கோடை மட்டும் எடுத்து முதல் கமிட்டாக, அதாவது முதல் பதிவாகப் போட்டுவிடு, லினக்ஸையே அப்படித்தான் மாற்றினார்கள்” என்கிறார் டீம் லீட். எனக்கு மனசு வரவில்லை. மாற்றித் தரும் கருவிகளில் கிட்-எஸ்விஎன், ரெப்போசர்ஜன், எது நல்லது? ‘ஃபிக்ஸ்’, ‘டெஸ்ட்’ மாதிரி கமிட்டோடு எழுதிவைத்த குப்பைச் செய்திகளைத் திருத்திவிடலாமா? வேலையை விட்டுப் போனவர்கள் இருபது பேருக்கு மேல். எல்லாரையும் ‘பழைய டீம்’ என்று ஒரே பெயரில் போட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதன்மைப் பாதையான டிரங்க், அதிலிருந்து பிரிந்த கிளைகள், பெயரிட்டு வைத்த நகல்களான டேக்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் கிட்-எஸ்விஎன் போதும். நடுவில் யாராவது டைரக்டரிகளை இஷ்டத்துக்கு நகர்த்தியிருந்தால் ரெப்போசர்ஜன். குப்பைச் செய்திகளைத் தொடாதீர்கள். நடுராத்திரியில் ஒருவர் ‘ஐயோ, மறுபடியுமா’ என்று எழுதியிருந்தால் அதுவும் தகவல்தான்.

ஆனால் ‘பழைய டீம்’ என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் முழுக்க இதே நினைப்பாகத்தான் இருந்தேன்.

நானும் ஒரு காலத்தில் உங்கள் லீட் மாதிரிதான். சப்வெர்ஷனுக்கும் முந்தைய சிவிஎஸ்ஸில் இருந்த ஒரு புராஜெக்டை வெள்ளிக்கிழமை மாலைக்குள் மாற்ற வேண்டும் என்றார்கள். கடைசி நகலை எடுத்தேன், ஒரே கமிட், கதை முடிந்தது. பழைய சர்வரைத் துடைத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் அதே கோடில் ஒரு பிழையைத் தேடி, எந்த வரி யாருடையது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை என் பெயர், ஒரே தேதி. வட்டிக் கணக்கு போடும் ஃபங்ஷனில் ‘தேதி 29 என்றால் ஒரு நாளைக் கழி’ என்று ஓர் இஃப். நான் எழுதியதில்லை. எழுதியவர் அப்போது எனக்குப் பக்கத்து சீட். கமிட் செய்தியைக் கடிதம் மாதிரி எழுதுவார், எந்தக் கணக்கில் எத்தனை பைசா உதைத்தது என்பதுவரை. நாங்கள் கிண்டல் செய்வோம். அந்தக் கடிதம் சர்வரோடு போயிற்று. வரி மட்டும் என் பெயரில் நிற்கிறது. எடுக்கவும் பயம், விட்டுவைக்கவும் பயம்.

அந்த ஆளின் உழைப்பை நான் என் பெயருக்கு எழுதிக்கொண்டேன், ஆர். நீங்கள் ‘பழைய டீம்’ பெயருக்கு எழுதப் பார்க்கிறீர்கள். பெரிய வித்தியாசம் இல்லை. கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் ஒருவர் என்று இரண்டு பெயருக்கு இடம் உண்டு. கருவியே இவ்வளவு நாகரிகமாக இருக்கும்போது நமக்கென்ன கேடு?

சப்வெர்ஷன் பதிவில் இருப்பது குட்டி லாகின் ஐடி மட்டும். கிட்டுக்குப் பெயரும் மெயில் முகவரியும் வேண்டும். ஆகவே எந்த ஐடி யார் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஓர் ஐடி விடுபட்டால்கூட கிட்-எஸ்விஎன் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். மெயில் முகவரி செத்துப்போயிருந்தால் பரவாயில்லை, யாரும் அதற்குக் கடிதம் போடப்போவதில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கமிட்டின் அடையாள எண்ணான ஹாஷைக் கணக்கிடும்போது எழுதியவர் பெயரும் முந்தைய கமிட்டின் ஹாஷும் சேர்த்திதான். பழைய கமிட் ஒன்றில் பெயரை மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் ஹாஷ் அத்தனையும் மாறும். எந்தப் பெயரை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் மெயில்மேப் கோப்பு வைத்து ஒட்டுப்போடலாம், ஆனால் அது காட்டும்போது மட்டும் திருத்திக் காட்டும். உள்ளே பழைய பெயரேதான்.

ஜிசிசி கம்பைலர் என்ற மென்பொருளை எழுதுகிறவர்கள் 2020 ஜனவரியில் கிட்டுக்கு மாறினார்கள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு. கமிட் செய்தவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர் என்று இருந்த இடங்களில் மாற்றங்களைக் குறித்துவைத்த சேஞ்ச்லாக் கோப்புகளைத் தோண்டி, எழுதியவரின் பெயரை எடுத்துப் போட்டார்கள். உங்களால் இருபது பேரை விசாரிக்க முடியாதா?

லீடுக்கும் ஒரு வார்த்தை. 2005 ஏப்ரலில் லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸைக் கிட்டில் வரலாறு இல்லாமல் தொடங்கினார், உண்மைதான். வரலாறு கைவசம் இருக்கிறது, இப்போது அதற்கு மெனக்கெடவில்லை என்று அந்த முதல் கமிட்டிலேயே எழுதியும் வைத்தார். அப்போது கிட் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்புறம் வேறு ஆட்கள் பழைய வரலாற்றைத் தனி ரெப்போவாக, அதாவது தனிக் களஞ்சியமாகக் கட்டி, வேண்டியவர்கள் ஒட்டிக்கொள்ள வழி செய்தார்கள். உங்கள் லீட் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறார்.

பட்டியலில் யாரென்றே தெரியாத ஐடி ஒன்றாவது இருக்கும். பழைய ஆட்களுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், சந்தோஷப்படுவார்கள். தெரியவே இல்லையென்றால் ஐடியையே பெயராகப் போடுங்கள். ‘டெம்ப்2’ என்பதும் ஓர் ஆள்தான். இதற்கெல்லாம் ஒரு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் சரி, பழைய ரெப்போவைப் படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். அந்த சர்வரைத் துடைக்க மட்டும் விடாதீர்கள்.