கொயோட்டியைச் சுடத் துப்பாக்கி: எச்-1பி விசாவில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது

கேள்வி: எனக்கு வயது 38. எச்-1பி விசாவில் டெக்சாஸில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆஸ்டினுக்கு வடக்கே வில்லியம்சன் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு), நகர எல்லைக்கு வெளியே 12 ஏக்கர் நிலம் வாங்கி, வீடு கட்டி, வெள்ளாடுகளும் கோழிகளும் வளர்க்கிறோம். சென்ற மாதம் கொயோட்டிகள் (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய காட்டு விலங்குகள்) இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் சென்றன. நரியும் கோழிக்கூண்டைச் சுற்றுகிறது. ஆட்டைத் தாக்கும் கொயோட்டியைச் சுட உரிமமே தேவையில்லை என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். அமெரிக்கக் குடிமகனான என் நண்பர், தன் பெயரில் ஒரு ரைஃபிள் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சட்டப்படி எந்தச் சிறு கேலிபர் (குழலின் உள்விட்ட அளவு) ரைஃபிளை நான் வாங்கலாம்?

பதில்: கேலிபரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்தவை, பக்கத்து நிலத்துக்காரரும் நண்பரும் நல்லெண்ணத்தோடு சொன்ன அந்த இரண்டு யோசனைகளும்தான்.

பக்கத்து நிலத்துக்காரர் சொன்னது டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி சரியே. கால்நடையையோ கோழியையோ தாக்குகிற, தாக்கப் போகிற, அல்லது அண்மையில் தாக்கிய கொயோட்டியை நில உரிமையாளர் வேட்டை உரிமம் இல்லாமலே கொல்லலாம். ஆனால் நீங்கள் விசாவில் இருப்பவர். குடியேற்றம் அல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை 15 ஆண்டு வரை சிறை. இந்தத் தடைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியது, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பது. 'உரிமம் வேண்டாம்' என்று மாநிலம் தரும் சலுகையை நம்பி உரிமம் எடுக்காமல் விட்டால், கொயோட்டியைச் சுட்டது குற்றமாகாது. சுட்ட துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தது குற்றமாகிவிடும்.

ஆகவே முதல் வேலை, டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் வேட்டை உரிமம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பதால் அதற்கும் சில நாள் ஒதுக்குங்கள். மீன்பிடி உரிமம் மட்டும் இருந்தால் போதாது. நரி, டெக்சாஸில் மென்மயிர் விலங்கு என்ற தனிப் பிரிவில் வருகிறது. அதன் தோலை எடுக்கவோ விற்கவோ எண்ணினால் விதிகள் வேறு என்பதைத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு தேதியை நீங்கள் மறக்கவே கூடாது. டெக்சாஸின் வருடாந்தர வேட்டை உரிமம், எப்போது வாங்கினாலும், ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். என்னிடம் ஒருமுறை வந்த ஒருவர் பணப்பையிலிருந்து மடித்த உரிமத்தை எடுத்து மேசையில் விரித்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். தேதியைப் படித்துக் காட்டினேன். மான் வேட்டைக் காலம் தொடங்கும்போது புதுப்பித்துக்கொள்ளலாம் என்று செப்டம்பர் முழுவதும் சும்மா இருந்திருக்கிறார். அந்த மாதம் முழுக்க அலமாரியில் பூட்டியிருந்த ரைஃபிள், அவர் தொடாமலேயே, அவரைக் குற்றவாளி நிலையில் நிறுத்தியிருந்தது. புதிய உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வரும். அப்போதே வாங்குங்கள், பழையதையும் மாதக் கடைசி வரை பத்திரமாக வைத்திருங்கள். பச்சை அட்டைக்கு (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) விண்ணப்பித்து அது நிலுவையில் இருக்கும் காலத்திலும், அட்டை கைக்கு வரும்வரை இந்தத் தடை உங்களுக்கு உண்டு என்றே நடந்துகொள்ளுங்கள்.

இனி நண்பரின் யோசனை. கடையில் 4473 என்ற படிவத்தில், 'நீங்கள்தான் உண்மையில் வாங்குபவரா' என்று கேட்பார்கள். உங்களுக்காக உங்கள் பணத்தில் வாங்கும் நண்பர் 'ஆம்' என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். உண்மையில் பெறப்போகிறவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவராக இருந்தாலும் அது குற்றமே என்று 2014-இல் ஆப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அவர் தன் பணத்தில் பரிசாகவே கொடுத்தாலும், அன்று உங்களிடம் உரிமம் இல்லையென்றால் இருவருமே சிக்குவீர்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தப்படவும் அது காரணமாகலாம். நீங்களே கடைக்குப் போங்கள். கடவுச்சீட்டு, ஐ-94 எண் (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), டெக்சாஸ் முகவரிச் சான்று, வேட்டை உரிமம் ஆகியவற்றைக் கொண்டுபோய், படிவத்தில் விசா பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதி, விதிவிலக்குக்கு உரிமத்தைக் காட்டுங்கள்.

இப்போது கேலிபர். கொயோட்டிக்கோ நரிக்கோ இன்ன கேலிபர்தான் என்று டெக்சாஸ் கட்டாயப்படுத்துவதில்லை. குழல் 16 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையாத சாதாரண போல்ட் ரைஃபிளாக (ஒவ்வொரு முறையும் கையால் தோட்டாவை ஏற்றுவது) வாங்கினால் கூட்டாட்சிப் பதிவுத் தொல்லை இல்லை. பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா நரிக்குக் கிட்டத்தில் போதும். கொயோட்டியைக் காயப்படுத்தித் தப்பவிடும், அது விலங்குக்குச் செய்யும் கொடுமை. பாயிண்ட் 22 மேக்னம் சுமார் 100 கஜம் வரை நரிக்கு நல்லது. இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் என்றால் பாயிண்ட் 223 ரெமிங்டனையே சொல்வேன். ஆனால் 12 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 240 கஜம்தான். பாயிண்ட் 22 தோட்டாவே ஒன்றரை மைல் போகக்கூடும் என்று அதன் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். வேட்டையின்போது தெரிந்தே உங்கள் தோட்டாவை அடுத்தவர் எல்லையைத் தாண்டவிட்டால் டெக்சாஸில் குற்றம். மேட்டில் நின்று, பின்னால் மண்கரை இருக்கும் திசையில், கீழ்நோக்கி மட்டும் சுடுங்கள். உங்கள் நிலம் மனைப்பிரிவில் சேர்ந்ததா, சுடுவதற்குத் தடை உண்டா என்பதைக் கவுண்டி அலுவலகத்திலும் கிரயப் பத்திரத்திலும் பாருங்கள். 10 ஏக்கரும் அதற்குக் குறைந்ததுமான மனைகளில் சுடுவதைக் கட்டுப்படுத்தக் கவுண்டிகளுக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் மனைவியும் எச்-4 போன்ற துணைவர் விசாவில் இருந்து அவருக்கு உரிமம் இல்லையென்றால், பெட்டகத்தின் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை தோட்டா நிரப்பிய துப்பாக்கியை எடுக்கும்படி அலட்சியமாக வைப்பதும் டெக்சாஸில் குற்றம்.

உரிமம் கைக்கு வரும்வரை ஆடுகளை இரவில் கொட்டிலில் அடையுங்கள். பக்கத்து நிலத்துக்காரரின் ரைஃபிளை ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன றெஹைஃப் வழக்கு, விசா அந்தஸ்தை இழந்த ஒரு வெளிநாட்டு மாணவர் சுடுதளத்தில் துப்பாக்கி பிடித்ததிலிருந்து தொடங்கியதுதான். தன் அந்தஸ்து அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என நீதிமன்றம் சொன்னது அவருக்கு உதவியது. விசாவின் பெயரை எழுதியே கேள்வி கேட்டிருக்கும் உங்களுக்கு அந்த வாதம் உதவாது. கொயோட்டி இதற்குள் மறுபடி வந்தால், உங்கள் அனுமதியுடன் பக்கத்து நிலத்துக்காரரே தம் துப்பாக்கியுடன் வந்து சுடலாம்; அனுமதியை இரண்டு வரி எழுதித் தேதியிட்டுக் கொடுத்துவிடுங்கள்.