கடிதம் வந்துவிட்டது, ஆளைத்தான் காணோம்: கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத் தபால் (கேள்வி பதில்)

1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில் தங்கம் கிடைத்தது. அதிலிருந்து 1850களின் நடுப்பகுதி வரைக்குமான தபால் பற்றித்தான் இன்றைய பதில்கள். கையில் பழைய உறை வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நனைக்காதீர்கள், தபால்தலையைப் பிய்க்காதீர்கள், முத்திரையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்.

செந்தில், திருச்சி: சார், அப்போது ரயில் கிடையாது. நியூயார்க்கில் போட்ட கடிதம் சான் பிரான்சிஸ்கோவுக்கு எப்படிப் போனது? எவ்வளவு செலவு?

மூன்று கை மாறிப் போனது. நியூயார்க்கிலிருந்து ஒரு கம்பெனியின் நீராவிக் கப்பல் பனாமாவின் அட்லாண்டிக் கரையில் இருந்த சாக்ரெஸ் வரை கொண்டுபோகும். அங்கிருந்து ஆற்றில் படகு, பிறகு கோவேறு கழுதை முதுகில் காடும் சேறும் தாண்டி பனாமா நகரம். அதன் பிறகு பசிபிக் மெயில் கம்பெனியின் கப்பல்: கலிபோர்னியா, ஓரிகன், பனாமா என்ற பெயர் கொண்ட மூன்று கப்பல்களில் ஒன்று. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்து வாரத்தை ஒட்டி வந்து சேரும். நடுவில் கழுதை கிடைக்காவிட்டாலோ, மழையில் பாதை கரைந்துவிட்டாலோ, பசிபிக் பக்கக் கப்பல் கிளம்பிப் போயிருந்தாலோ, மூட்டை பனாமாவிலேயே கிடக்க வேண்டியதுதான். 1855 ஜனவரியில் பனாமா ரயில் முடிந்த பிறகு இந்த நடுத் தொல்லை தீர்ந்தது.

கட்டணம்: 1848 ஆகஸ்ட் 14 சட்டப்படி அரை அவுன்ஸுக்கு 40 செண்ட். கலிபோர்னியாவுக்குள்ளேயே என்றால் 12½ செண்ட். 1851 ஜூலை 1 முதல் 3,000 மைலுக்கு மேல் போகும் கடிதத்துக்கு முன்பணம் கட்டினால் 6 செண்ட், பெறுபவர் கட்டினால் 10. 1855 ஏப்ரல் முதல் 10 செண்ட், அதுவும் முன்பணம் கட்டாயம். இந்த நான்கு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உறையின் காலத்தைக் கணிக்க முதல் உதவி இதுதான்.

தங்கத்தூளில் இது எவ்வளவு என்று கேட்பீர்கள். சுரங்க முகாம்களில் ஒரு அவுன்ஸ் தூள் 16 டாலர் என்று ஓடியது. அப்படியானால் 40 செண்ட் என்பது அவுன்ஸில் நாற்பதில் ஒரு பங்கு, முக்கால் கிராமுக்குச் சற்று மேல். கடைகளில் ஒரு சிட்டிகைத் தூளுக்கு ஒரு டாலர் என்ற பழக்கம் இருந்தது. சிட்டிகை எடுப்பவனின் விரல் தடிமனாக இருந்தால் கொடுப்பவனுக்கு நஷ்டம்.

மீனா, கோயம்புத்தூர்: சான் பிரான்சிஸ்கோ தபால் ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க வரிசை நின்றதாமே? அவ்வளவு கூட்டம் ஏன்?

வீட்டுக்கு வந்து கொடுக்கும் தபால்காரர் என்ற ஏற்பாடே இல்லை. கடிதம் ஆபீஸில் கிடக்கும், ஆள்தான் போய்க் கேட்க வேண்டும். சுரங்கத்துக்குப் போனவனின் ஊர்க்காரர்களுக்கு அவன் எந்த முகாமில் இருக்கிறான் என்று தெரியாது, அதனால் எல்லோரும் "சான் பிரான்சிஸ்கோ" என்றே எழுதினார்கள். மலையில் சிதறிக் கிடந்த அத்தனை பேரின் கடிதமும் ஒரே ஜன்னலில் வந்து குவிந்தது.

1849 ஏப்ரல் 1 அன்று ஜான் கியரி என்ற போஸ்ட்மாஸ்டர் ஓரிகன் கப்பலில் தபாலோடு வந்து இறங்கினார். பின்னாளில் இவர்தான் அந்நகரின் முதல் மேயர். அதே ஆண்டு அக்டோபர் 31 இரவு பனாமா கப்பலிலிருந்து 37 மூட்டை இறங்கியது. உள்ளே 45,000 கடிதங்கள், செய்தித்தாள் தனி. பிரிக்க இருந்த எழுத்தர்கள் எட்டுப் பேர். கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே பிரித்தார்கள். வெளியே இருந்தவர்கள் கதவையும் ஜன்னலையும் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பிரிக்கும் முறை எளிது. குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி புறாக்கூண்டு அறைகள், எழுத்துக் கூட்டங்களுக்கு ஏற்ப வெளியே ஜன்னல்கள். வரிசை தெருவைத் தாண்டி மேட்டில் ஏறும். முதல் நாள் இரவே வந்து இடம் பிடித்து, காலையில் அந்த இடத்தை விற்றவர்கள் உண்டு. 10 டாலர், அதற்கு மேலும் போயிருக்கிறது.

கப்பல் வரும் சேதி நகரின் டெலிகிராப் ஹில் என்ற குன்றின் உச்சிக் கம்பத்தில் முதலில் தெரியும். இரண்டு மரக் கைகளும் பக்கவாட்டில் விரிந்தால் பக்கச் சக்கர நீராவிக் கப்பல் என்று அர்த்தம், அதாவது தபால். ஊரே கீழே இறங்கி ஓடும்.

அருண், சென்னை: போனி எக்ஸ்பிரஸ் பற்றிச் சொல்லுங்கள் ஐயா. தங்க வேட்டைக்காரர்களின் கடிதங்களைக் குதிரையில்தானே கொண்டுபோனார்கள்?

இல்லை. குதிரைக்காரர்கள் மூலம் கடிதம் சுமந்த தனியார் சேவையான போனி எக்ஸ்பிரஸ் தொடங்கியது 1860 ஏப்ரல் 3, கண்டம் கடந்த தந்தி இணைந்தது 1861 அக்டோபர் 24, அதோடு கடை கட்டியாயிற்று. மொத்தம் ஒன்றரை வருடம். தொடக்கக் கட்டணம் அரை அவுன்ஸுக்கு 5 டாலர். அதில் போனது வியாபாரக் கடிதமும் செய்தியும். 1849இல் மண்ணைக் கிண்டியவனுக்கும் அதற்கும் பத்து வருட இடைவெளி.

பிரபு, பெங்களூர்: நம்ம கோலாரில் தபால் எப்படி இருந்தது?

கோலார் கம்பெனிச் சுரங்கம். ஆள் ஆளாக ஓடிப்போய் உரிமைக் குச்சி நட்ட இடமில்லை. ஆட்கள் லைன் வீடுகளில் நிலையாக இருந்தார்கள், முகவரிச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. அது தனி அமர்வு.

ஜெயந்தி, மதுரை: மலைமேல் இருந்தவர்கள் கடிதம் வாங்க சான் பிரான்சிஸ்கோவுக்கே வர வேண்டுமா? வேறு வழியே இல்லையா?

1849 கோடையில் அலெக்சாண்டர் டாட் என்பவர் வழி கண்டுபிடித்தார். தெற்குச் சுரங்க முகாம்களில் சுற்றி ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பெயரைப் பதிந்தார். அந்தப் பெயர்ப் பட்டியலோடு சான் பிரான்சிஸ்கோ போய், ஜன்னலில் கேட்டு, கிடைத்த கடிதங்களை எடுத்து வந்தார். ஒப்படைக்கும்போது கடிதத்துக்கு ஒரு அவுன்ஸ் தங்கத்தூள். கூடவே பழைய நியூயார்க் செய்தித்தாள்களைக் கட்டி வந்து பிரதி 8 டாலருக்கு விற்றார். திரும்பும் பயணத்தில் சுரங்கத்தாரின் தூளை நகரத்துக்குச் சுமந்ததற்குத் தனிக் கூலி.

அவர் விற்றது குதிரை வேகத்தை இல்லை, பட்டியலை. எந்தப் பெயர் எந்தக் கூடாரத்தில் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது, டாட்டுக்குத் தெரியும்.

கார்த்திக், ஈரோடு: இது சேவையா? 40 செண்ட் கடிதத்துக்கு 16 டாலர்! பகல் கொள்ளை.

கணக்குப் போடுங்கள் தம்பி. தெற்குச் சுரங்கப் பகுதியின் சோனோராப் பக்கம் இருப்பவன் நகரம் வந்துபோக, வரிசையில் நிற்க என்று ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். நல்ல இடம் பிடித்தவன் ஒரு நாளில் ஒரு அவுன்ஸ் எடுத்த காலம். அவன் போய் வருவதற்குள் குழியை இன்னொருவன் பிடித்துக்கொள்வான். ஒரு அவுன்ஸ் மலிவு.

கார்த்திக், ஈரோடு: எல்லோருமா அவுன்ஸ் எடுத்தார்கள்? பெரும்பாலானவர்கள் சாப்பாட்டுக்கே திணறியவர்கள். கடிதம் வராவிட்டால் அந்த ஒரு டாலரும் போச்சே?

அதை ஒப்புக்கொள்கிறேன். அவுன்ஸ் கணக்கு நல்ல குழிக்காரனுக்குத்தான் பொருந்தும். பதிவுக் காசு திரும்பவும் வராது. ஆனால் விலை அதே இடத்தில் நிற்கவில்லை. போட்டிக்கு ஆட்கள் இறங்கியதும் மடமடவென்று சரிந்தது.

ஃபாத்திமா, நாகப்பட்டினம்: கார்த்திக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கமே ஒவ்வொரு முகாமுக்கும் ஆள் அனுப்பியிருக்கலாமே?

எந்த அரசாங்கம் அம்மா? அமெரிக்க நகரங்களிலேயே இலவச வீட்டு விநியோகம் தொடங்கியது 1863 ஜூலையில்தான். கிராமங்களுக்கு 1896இல். 1849இல் வாஷிங்டனிலேயே இல்லாத வசதியை மலையில் எதிர்பார்க்க முடியாது. கூலியாளே நாளுக்குப் பத்து டாலர் கேட்ட ஊரில் தபால் எழுத்தர் சம்பளத்துக்கு யார் நிற்பார்? வேலைக்குச் சேர்ந்தவன் அடுத்த வாரம் சல்லடையோடு மலையேறினான்.

கார்த்திக், ஈரோடு: அப்படியென்றால் தனியார் கடிதம் சுமந்தது சட்டப்படி சரியா?

இதுதான் நல்ல கேள்வி. 1845 சட்டம், அரசுத் தபால் ஓடும் பாதையில் தனியார் கடிதம் சுமப்பதைத் தடுத்தது. சான் பிரான்சிஸ்கோ–சாக்ரமெண்டோ பாதையில் அது குற்றம். தபால் ஆபீஸே இல்லாத மலை முகாமுக்கு அரசுப் பாதையே கிடையாது, அதனால் அங்கே தடையும் இல்லை. 1852 ஆகஸ்ட் 31 சட்டம் சிக்கலை அவிழ்த்தது: அரசாங்கம் தபால்தலையை அச்சிட்டு விற்கும் உறையில் கடிதம் இருந்தால் தனியாரும் சுமக்கலாம். 1853இல் அந்த உறைகள் வந்தன. வெல்ஸ் ஃபார்கோ என்ற தனியார் கம்பெனி 3 செண்ட் உறைகளை வாங்கி, அதன்மேல் தன் பிராங்க்கையும் (தன் கட்டணம் செலுத்தியாயிற்று என்ற குறி) அச்சடித்து, கூடுதல் விலைக்கு விற்றது. மூட்டையைத் தொடாமலே அரசாங்கத்துக்கு 3 செண்ட். மக்கள் இரட்டைக் காசு கொடுத்தார்கள், இருந்தும் விரும்பித்தான் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி கடிதச் சேவையை 1895 வரை நடத்தியது. கொள்ளையா என்பதை நீங்களும் ஃபாத்திமாவும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

ராஜேஷ், சேலம்: போனி எக்ஸ்பிரஸ் குதிரைக்காரர்கள் தங்கம் கொண்டுபோனார்களா சார்?

இல்லை. அருணுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

விஜி, புதுச்சேரி: ஏலத்தில் ஒரு மடல் பார்த்தேன். சான் பிரான்சிஸ்கோ முத்திரை, பக்கத்தில் "40". உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

வரிசையாகப் பாருங்கள். ஒன்று, காலம்: 40 செண்ட் செல்லுவது 1851 ஜூன் 30 வரைதான். முத்திரையில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது, உள்ளே கடிதத்தின் தலைப்பில் இருக்கும் தேதியைத்தான் நம்ப வேண்டும். உள்ளே 1853 என்று இருந்து வெளியே 40 இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு, நாள்: கிழக்கே போகும் கடிதத்தில் சான் பிரான்சிஸ்கோ முத்திரை கப்பல் புறப்படும் நாளோடு ஒத்துப்போக வேண்டும். கப்பல் மாதம் இருமுறை ஓடிய காலத்தில் 1ஆம் தேதி, 15ஆம் தேதி பக்கமாக வரும். மூன்று, எடை: ஒற்றைத் தாள் கடிதத்தில் "80" இருந்தால் உள்ளே வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும், தங்கத் துணுக்கு வைத்து அனுப்பியவர்கள் உண்டு. இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். நான்கு, தாள்: அக்காலத் தாள் கந்தல் துணியில் செய்தது. புற ஊதா விளக்கில் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் நவீனத் தாள். ஐந்து, மை மடிப்பின் அழுக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். மேலே என்றால் முத்திரை பின்னாளில் குத்தியது.

1847இல் வந்த முதல் அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய கலிபோர்னியா உறை என்று யாராவது நீட்டினால், நிபுணர் சான்றிதழ் இல்லாமல் தொடாதீர்கள். மிக அரிது, அதனாலேயே போலி அதிகம். மறுபடியும் சொல்கிறேன், நனைத்துப் பார்க்க வேண்டாம்.

சுரேஷ், தஞ்சாவூர்: என்னிடம் ஒரு பழைய அமெரிக்க உறை இருக்கிறது, என்ன விலை போகும்?

விலை சொல்வதில்லை.

தேவி, ஊட்டி: பனிக்காலத்தில் சியரா மலையைத் தாண்டித் தபால் போனதா?

1856 ஜனவரியில் ஜான் தாம்சன் தொடங்கினார். நார்வேயில் பிறந்தவர். கலிபோர்னியாவின் பிளாசர்வில்லிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கார்சன் பள்ளத்தாக்கு வரை சுமார் 90 மைல், போக மூன்று நாள், வர இரண்டு நாள். தானே செதுக்கிய பத்தடி மரச் சறுக்குப் பலகை, ஒரே ஒரு நீளக் கம்பு, முதுகில் 60 பவுண்டுக்குக் குறையாத மூட்டை. கம்பளியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, எடையைக் குறைக்க. செய்த வேலைக்கு அரசாங்கத்திடமிருந்து உரிய ஊதியம் கடைசிவரை வரவில்லை. கார்த்திக், உங்கள் கோபத்தை இங்கே செலவழியுங்கள்.

நவீன், வேலூர்: போனி எக்ஸ்பிரஸ்...

மேலே இரண்டு முறை.

மாலதி, திருநெல்வேலி: ஆள் இறந்துவிட்டாலோ வேறு முகாமுக்குப் போய்விட்டாலோ அந்தக் கடிதம் என்ன ஆகும்?

ஆபீஸ் கேட்பாரற்ற கடிதங்களின் பெயர்ப்பட்டியலை உள்ளூர்ச் செய்தித்தாளில் போடும். பத்திகள் நீளும், பொடி எழுத்தில் பெயர் மட்டும். பட்டியலைப் பார்த்து வந்து வாங்குபவர் விளம்பரக் கூலியும் சேர்த்துக் கட்ட வேண்டும். உறையில் "ஏ டி வி" (விளம்பரம் செய்யப்பட்டது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முத்திரை, பக்கத்தில் 1 அல்லது 2 செண்ட் இருந்தால் அதுதான். ஒரே பெயரில் ஐந்து ஆள் இருப்பார்கள், தவறான ஆள் வாங்கிப் பிரித்து, மறுபடி ஒட்டித் திருப்பிய உறைகளும் உண்டு. விளம்பரத்துக்குப் பிறகும் மூன்று மாதம் யாரும் வராவிட்டால் வாஷிங்டனில் இருந்த செத்த கடித அலுவலகத்துக்கு, அதே கப்பலில், அதே பனாமா வழியாகத் திரும்பிப் போகும். அங்கே பிரித்துப் பார்த்து, பணமோ பொருளோ இருந்தால் அனுப்பியவரைத் தேடுவார்கள். வெறும் கடிதம் என்றால் எரித்துவிடுவார்கள்.