க்ளெப் பரீட்சையா, ஆன்லைன் கோர்ஸா?

கேள்வி: ஈரோட்டில் பி.காம். இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றது. கல்யாணமாகி அமெரிக்கா வந்துவிட்டேன். இப்போது டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்குக் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசா. வேலை அனுமதி கிடைத்ததும் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன். விட்ட டிகிரியை முடிக்க ஆசை. பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிசினஸ் படிக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முதலில் இங்கிலீஷ் காம்போசிஷன் இரண்டு பேப்பர் முடிக்க வேண்டுமாம். க்ளெப் என்று ஒரு பரீட்சை இருக்கிறதாம், அதில் தேறினால் வகுப்புக்குப் போகாமலே அந்தப் பாடத்துக்கு கிரெடிட் (டிகிரிக்குக் கணக்காகும் பாட அலகு) கிடைக்குமாம். "க்ளெப் எழுதிவிடு, ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார் கணவர். "மாதம் 99 டாலர் கட்டினால் வீட்டிலிருந்தே கிரெடிட் வாங்கலாம்" என்கிறாள் தோழி. ஆபீஸ் இமெயில் எல்லாம் எனக்கு நன்றாகவே எழுத வரும். எந்த வழியில் போகட்டும்? பதினொன்றாவது படிக்கும் மகள், தானும் இதை இப்போதே முடித்துவிடலாமா என்று கேட்கிறாள்.

— வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: கணவர் சொல்வதும் சரி, தோழி சொல்வதும் சரி. ஆனால் இருவரும் நீங்கள் சேரப்போகும் கல்லூரியைக் கேட்டுவிட்டுச் சொன்ன மாதிரி தெரியவில்லை. கிரெடிட் தருவது பரீட்சை நடத்தும் நிறுவனமும் இல்லை, கோர்ஸ் விற்கும் நிறுவனமும் இல்லை. அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பு, இங்கே எல்லோரும் ஏஸ் என்பார்களே, அது "இதற்கு இத்தனை கிரெடிட் கொடுக்கலாம்" என்று பரிந்துரை மட்டும்தான் செய்யும். கொடுப்பதும் மறுப்பதும் கல்லூரியின் இஷ்டம்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அட்மிஷன் ஆபீஸுக்கோ அட்வைசருக்கோ ஒரு இமெயில் போடுங்கள். போனில் கேட்காதீர்கள், பதில் எழுத்தில் இருக்க வேண்டும். "க்ளெப் ஏற்பீர்களா?" என்று மொட்டையாகக் கேட்டால் "ஏற்போம்" என்று மொட்டையாகத்தான் பதில் வரும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளின் பொது எண் முறையில் உங்கள் இரண்டு பேப்பரும் இங்கிலீஷ் 1301, 1302. அந்த எண்களைச் சொல்லியே கேளுங்கள்: க்ளெப் காலேஜ் காம்போசிஷனில் 50 எடுத்தால் 1301 மட்டும் கிடைக்குமா, 1302-உம் சேர்ந்து கிடைக்குமா? 50 போதுமா, அதற்கு மேல் வேண்டுமா? ஏஸ் பரிந்துரைத்த ஆன்லைன் கோர்ஸ் செல்லுமா? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் உங்கள் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்தது.

க்ளெப்பை நடத்துவது காலேஜ் போர்டு. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வை நடத்துகிற அதே ஆட்கள்தான். 1967-இலிருந்து நடக்கிற தேர்வு என்பதால் இதன் பெயரைக் கேள்விப்படாத கல்லூரி இருக்காது. மதிப்பெண் 20-இலிருந்து 80 வரை. ஏஸ் பரிந்துரைப்பது 50. கட்டணம் நூறு டாலருக்குள்தான், தேர்வு மையம் தனியாக ஒரு தொகை வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு இலவசமாகப் பாடம் நடத்தி, முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டண வவுச்சரும் கொடுத்து வருகிறது. பணம் கட்டுமுன் அதையும் பார்த்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலீஷ் காம்போசிஷனுக்கு க்ளெப்பில் இரண்டு தேர்வு இருக்கிறது. காலேஜ் காம்போசிஷன் ஒன்று, காலேஜ் காம்போசிஷன் மாடுலர் இன்னொன்று. மாடுலரில் 95 நிமிடத்துக்கு 90 கொள்குறி வினாக்கள். கட்டுரை வேண்டுமென்றால் கல்லூரியே தனியாக வைத்துக்கொள்ளும். அதற்கு ஏஸ் பரிந்துரை 3 கிரெடிட்தான், மற்றதற்கு 6. கட்டுரை எழுத வேண்டாமே என்று மாடுலரை எடுத்துவிட்டு, அது தன் கல்லூரியில் செல்லாது என்று பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

கட்டுரை உள்ள தேர்வில் முதலில் 55 நிமிடத்தில் 50 கேள்விகள். இலக்கணம் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு மாணவர் எழுதிய வரைவைக் கொடுத்து, எந்த வாக்கியத்தை எங்கே நகர்த்தலாம், எதை எடுத்துவிடலாம் என்று கேட்பதுதான் அதிகம். அப்புறம் 70 நிமிடத்தில் இரண்டு கட்டுரை. முதலாவது 30 நிமிடம். ஒரு கருத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று கேட்பார்கள். இரண்டாவது 40 நிமிடம்; இரண்டு பகுதிகளைப் படிக்கக் கொடுத்து, இரண்டையும் மேற்கோள் காட்டி உங்கள் வாதத்தை எழுதச் சொல்வார்கள். கல்லூரி ஆசிரியர்கள் படித்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள், அதனால் ரிசல்ட் வரச் சில வாரம் ஆகும். தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். கணவர் சொன்ன "ஒரே நாள்" எழுதுகிற நாளுக்கு மட்டும் பொருந்தும்.

ஆபீஸ் இமெயில் நன்றாக எழுத வரும் என்கிறீர்கள். நல்ல விஷயம், ஆனால் இந்தத் தேர்வு கேட்பது வேறு. நம் ஊரில் நாம் இங்கிலீஷ் கட்டுரை எழுதிப் பழகிய விதம் நினைவிருக்கிறதா? பள்ளியில் செல்போன் தடை என்று தலைப்பு கொடுத்தால் "இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட், செல்போன் ப்ளேஸ் எ வைட்டல் ரோல்" என்று தொடங்குவோம். பிறகு அட்வான்டேஜஸ், டிஸ்அட்வான்டேஜஸ், கடைசியில் "எதையும் அளவோடு பயன்படுத்த வேண்டும்". நான் ஒரு கம்யூனிட்டி காலேஜ் ரைட்டிங் சென்டரில் வேலை பார்த்த காலத்தில் இந்த அமைப்பைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடுவேன். எழுதியது சென்னையா, ஹைதராபாத்தா என்பதுதான் தெரியாது. இலக்கணம் சுத்தமாக இருக்கும். எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

இங்கே முதல் பத்தியிலேயே ஒரு பக்கம் சாய வேண்டும். "வகுப்பு நேரத்தில் மட்டும் போனை வாங்கி வைக்கலாம், மதிய இடைவேளையிலும் பிடுங்கி வைப்பது பெற்றோருக்குத்தான் சிரமம்" என்று சொன்னால் அது வாதம். அதை வைத்துக்கொண்டு இரண்டு காரணம், ஒரு உதாரணம், எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய ஒன்று, அதற்கு உங்கள் பதில் என்று போகலாம். இரண்டாவது கட்டுரையில் இன்னொரு பழக்கம் காலை வாரும். காம்ப்ரிஹென்ஷனில் பத்தியிலிருந்து வரியை அப்படியே எடுத்து எழுதினால் நமக்கு முழு மார்க் கிடைக்கும். இங்கே அப்படி எடுத்து, யார் சொன்னது என்று குறிப்பிடாமல் விட்டால் திருட்டு.

இதையெல்லாம் பரீட்சை கற்றுக்கொடுக்காது. எடை மெஷினில் ஏறி நின்றால் எடை தெரியும், குறையாது. கணக்கு, எகனாமிக்ஸ் மாதிரிப் பாடங்களைப் புத்தகம் வைத்துத் தனியாகப் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். எழுத்து அப்படி வராது. நீங்கள் எழுதிய பக்கத்தை ஒருவர் படித்து, "இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் ஏற்கெனவே உங்கள் வாழ்க்கையில் வந்து போயிருந்தால் க்ளெப் போதும்.

வந்து போனாரா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சனிக்கிழமை காலையில், எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு போடும் வசதியை அணைத்துவிட்டு, 30 நிமிடத்தில் ஒரு கட்டுரை தட்டச்சு செய்யுங்கள். செய்தித்தாளில் ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிராக எழுதிய இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொண்டு 40 நிமிடத்தில் இன்னொன்று. இங்கே படித்த யாரிடமாவது காட்டுங்கள். உங்கள் மகளிடம் காட்டினாலும் போதும். பதினொன்றாவதில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பாள், அம்மா என்று பார்க்காமல் சொல்லிவிடுவாள்.

தோழி சொன்ன 99 டாலர் அநேகமாக சோபியா என்ற ஆன்லைன் கோர்ஸ் தளம். நல்ல ஏற்பாடுதான். மாதச் சந்தா கட்டி, உங்கள் வேகத்தில் படித்து, இடையிடையே கட்டுரை எழுதி அனுப்பலாம். அவற்றை ஆட்கள் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். வெஸ்டர்ன் கவர்னர்ஸ், சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர், பர்டியூ குளோபல் போன்ற ஆன்லைன் பல்கலைக்கழகங்களில் சேருகிறவர்களுக்கு நேரமும் பணமும் மிச்சம். தோழி அப்படி ஒன்றில் சேர்ந்திருந்தால் அவர் செய்தது புத்திசாலித்தனம். நீங்கள் நினைப்பது டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம். ஏஸ் கிரெடிட் அங்கெல்லாம் செல்லும் என்று நம்பி மூன்று மாதச் சந்தா கட்டாதீர்கள். இமெயிலுக்குப் பதில் வரட்டும்.

நீங்கள் இரண்டில் ஒன்றைக் கேட்டீர்கள், நான் மூன்றாவதைச் சொல்கிறேன். உங்கள் ஊரிலேயே காலின் காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜுக்கு (முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி) வளாகம் இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் 1301, 1302-ஐ ஆன்லைன் பிரிவிலேயே எடுக்கலாம், பேராசிரியர் ஒருவர் இருப்பார். அரசுக் கல்லூரியில் முடித்த இந்த இரண்டும் டெக்சாஸின் எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சேரும். க்ளெப்பிலும் சோபியாவிலும் வருவது கிரெடிட் மட்டும். இங்கே கிரேடும் வரும். இத்தனை வருடம் கழித்துப் படிக்க வருகிறவருக்கு, மார்க் ஷீட்டில் புதிதாக ஒரு ஏ இருந்தால் பல்கலைக்கழக அட்மிஷனில் அது பேசும். ஒரு பாடத்துக்குச் சில நூறு டாலர் ஆகும். ஹெச்-4-இல் படிக்கத் தடை இல்லை. உள்ளூர்வாசிக் கட்டணம் கிடைக்குமா என்பதை மட்டும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரீட்சையே இல்லாமல் தப்பிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரியில் சேர டிஎஸ்ஐ என்ற தகுதித் தேர்வு உண்டு. விலக்கு இல்லாதவர்கள் எழுதியாக வேண்டும், அதிலும் ஒரு கட்டுரை இருக்கிறது. நான் சொன்ன சனிக்கிழமைப் பயிற்சி அதற்கும் உதவும்.

இமெயில் பதிலில் "க்ளெப்புக்கு 1301 தருவோம்" என்று வந்து, வீட்டுச் சோதனையும் நன்றாக அமைந்தால், 1301-ஐ க்ளெப்பில் முடித்துவிட்டு 1302-ஐ மட்டும் கல்லூரியில் எடுங்கள். இரண்டையும் தருகிறோம் என்று சொன்னால்கூட 1302-ஐ நான் விடமாட்டேன். ஆய்வுக் கட்டுரை எழுதுவது, லைப்ரரி டேட்டாபேஸில் ஆதாரம் தேடுவது, எம்எல்ஏ என்ற கல்வித்துறை விதிமுறைப்படி மேற்கோள் போடுவது எல்லாம் அந்தப் பேப்பரில்தான். மூன்றாம் வருடம் பிசினஸ் ரிப்போர்ட் எழுதும்போது அதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். பரீட்சையில் மிச்சம் பிடிக்க உங்களுக்கு வேறு இடம் இருக்கிறது. பி.காமில் எகனாமிக்ஸ், மார்க்கெட்டிங் எல்லாம் தொட்டிருப்பீர்கள். மேக்ரோ எகனாமிக்ஸுக்கும் மார்க்கெட்டிங்குக்கும் க்ளெப் உண்டு. கணவரின் யோசனையை அங்கே பயன்படுத்துங்கள், அவருக்கும் சந்தோஷம்.

ஆமாம், ஈரோட்டில் எழுதிய பார்ட் டூ இங்கிலீஷை இதற்குக் கணக்கு வைப்பார்களா என்று தோன்றியிருக்கும். பெரும்பாலும் காம்போசிஷனாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனாலும் அந்த இரண்டு வருட மார்க் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்தில் பாடவாரியாக மதிப்பீடு செய்து கொடுத்தால் சில விருப்பப் பாடங்களாவது கழியலாம். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்பதையும் அதே இமெயிலில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

கோர்ஸ் எதுவானாலும், கட்டுரையை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டாம். பிடிபட்டால் கிரெடிட் போகும், பெயரும் கெடும்.

மகளுக்கு: அவள் க்ளெப் பக்கம் போகவே தேவையில்லை. பள்ளியில் ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடம்) இங்கிலீஷ் லாங்குவேஜ் இருந்தால் மே மாதம் தேர்வு. 5-க்கு 3 எடுத்தாலே பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கிரெடிட் கிடைக்கும். பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் 4, 5 கேட்கும், சில எதுவுமே தராது. டூயல் கிரெடிட் எடுத்தால் இதே 1301, 1302-ஐப் பள்ளியில் இருந்தபடியே முடிக்கலாம். ஆனால் அந்த கிரேடு கல்லூரி மார்க் ஷீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், பி வந்தாலும் சி வந்தாலும். டாக்டருக்குப் படிக்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம்: ஏபி கிரெடிட்டை இங்கிலீஷுக்கு ஏற்காத மெடிக்கல் ஸ்கூல்கள் உண்டு. பள்ளி கவுன்சிலரைப் பார்க்கும்போது இதையும் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கான பாடத்தேர்வுப் படிவம் பள்ளியில் வசந்த காலத்துக்குள் வந்துவிடும், அதற்கு முன்னால் பார்த்துவிட்டால் நல்லது.