ஆவாரைச் செடி வாங்கும்போது இலைக்காம்பின் அடியைப் பாருங்கள்

கேள்வி: அதிகம் நீர் கேட்காத நாட்டுப் பூச்செடி வேண்டுமென்று, இணையவழி விற்பனைத் தளம் ஒன்றில் ஆவாரைச் செடியை 350 ரூபாய்க்கு வாங்கி நட்டோம். மஞ்சளாகப் பூக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டார் இது ஆவாரையே அன்று என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – கோவில்பட்டி வாசகர்

பதில்: ஆவாரையின் உறவுச் செடிகள் பலவும் மஞ்சளாகவே பூப்பதால், பூவின் நிறத்தை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையாயின் அங்கே அகன்று வளைந்த இரண்டு இலையடிச் செதில்கள், சிறு இலைகளைப் போலவே பசுமையாக, உதிராமல் நிற்கும். ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே மெல்லிய சுரப்பி ஒன்று நிமிர்ந்திருக்கும். நெற்று காகிதம்போல் மெலிந்து தட்டையாக இருக்கும். அலங்காரச் செடியாக விற்கப்படும் சென்னா சுரடென்சிஸ் என்னும் இனத்திலோ செதில்கள் குறுகி நீண்டிருக்கும்.

வேறு செடிதான் என்று தெரிந்தால், 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கம், ரசீது, செதில்கள் தெளிவாகத் தெரியும் புகைப்படம் ஆகியவற்றோடு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடும் உரிமையும் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் 350 ரூபாய்க்காக ஆணையம் வரை அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு ஆவாரையை விலைக்கு வாங்குவதே எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது. சாலையோரப் புதரில் காய்ந்து பழுத்த நெற்றுகள் சிலவற்றைப் பறித்தால் போதுமான விதை கிடைத்துவிடும். விதையின் தோல் கடினமானதாகையால் அப்படியே ஊன்றினால் சரிவர முளைக்காது. உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஐப்பசி மழைக்கு முன் நிலத்திலேயே ஊன்றுங்கள். ஆவாரை வறட்சியைத் தாங்குவது ஆழமாக இறங்கும் ஆணிவேரால்தான். நாற்றுப்பையில் நெடுநாள் இருந்து வேர் சுருண்டுபோன பெரிய செடி, பார்வைக்கு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், கோடையில் வாடிவிடக்கூடும். நாற்றாக வாங்கித்தான் தீருவதென்றால், இருப்பதில் சிறியதையே கேளுங்கள்.

கேள்வி: செடியோடு பூ உரம் ஒன்றையும் வாங்கச் சொன்னார்களே?

பதில்: தேவையில்லை. தரிசிலும் சரளை மண்ணிலும் தானே பூக்கும் செடி அது. உங்கள் கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் நீர் தேங்காதபடி மேடாக்கி நடுவதும், முதற்கோடையில் மட்டும் அவ்வப்போது நீர் ஊற்றுவதும் போதும்.