பாண்டிச்சேரியில் மூன்றே நாளில் சர்ஃபிங், ஸ்கூபா, கயாக், சைக்கிள், மலையேற்றம் எல்லாம் முடியுமா?

ஒன்றை மட்டும் விட்டால் முடியும். ஆனால் கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் ஐடி ஆள், எக்செல் ஷீட் ஏற்கெனவே போட்டாயிற்று. என் தங்கை கணவரும் அப்படி ஒரு ஷீட்டோடுதான் பெங்களூரிலிருந்து கடலூர் வந்து இறங்கினார்.

முதல் நாள் காலை செரினிட்டி கடற்கரையில் சர்ஃபிங், மதியம் பிச்சாவரத்தில் கயாக், அதாவது சின்னத் துடுப்புப் படகு. "ரெண்டுமே தோள்பட்டை வேலை மாப்ள, ஒரே நாள்ல வேணாம்" என்றேன். "நான் ஜிம் போறவன் மச்சான்" என்றார். சர்ஃபிங் என்றால் பலகையில் நிற்பது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நிற்பது சில நொடி. மீதி நேரமெல்லாம் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, நுரை மூஞ்சியில் அறைய, மறுபடி உள்ளே போவதுதான். அப்புறம் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்பு. இரவு டி-ஷர்ட்டைக் கழற்ற அவரால் கையைத் தூக்க முடியவில்லை. என் தங்கைதான் உரித்தெடுத்தாள். நெஞ்சிலும் முட்டியிலும் பலகை உரசிய சிவப்புத் தடம்.

மறுநாள் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது. லேசாகச் சளி. மூக்கைப் பிடித்துக் காற்றை ஊதிக் காதடைப்பை எடுக்க முடியாதவரைக் கீழே கூட்டிப்போகக் கூடாது; பயிற்சியாளர் கரையிலேயே நிறுத்திவிட்டார். கட்டிய பணம் போச்சே என்று மாப்பிள்ளைக்குக் கோபம். நான் அந்தப் பயிற்சியாளர் பக்கம்தான். செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ராஜகிரி மலை 800 அடி, எல்லாம் கால் வேலை. குரங்கிடம் பிஸ்கட் பாக்கெட்டைப் பறிகொடுத்தும், அந்தப் பயணத்திலேயே அவர் சிரித்தது அங்கேதான்.

ஆகவே கையையும் காலையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் நாள் விடிந்ததும் சர்ஃபிங். மதியம் கடலிலிருந்து கொண்டல் காற்று ஏறினால் அலை குலைந்துவிடும், பேசாமல் தூங்குங்கள். இரண்டாம் நாள் காலை ஸ்கூபா, சாயங்காலம் ஆரோவில் செம்மண் பாதையில் சைக்கிள். ஈசிஆரில் சைக்கிள் வேண்டாம், லாரிக்காரர்களுக்கு நீங்கள் கண்ணில் படமாட்டீர்கள். மூன்றாம் நாள் செஞ்சி, வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். கயாக்கை விடுங்கள், அல்லது சர்ஃபிங்கை விட்டுப் பிச்சாவரம் போங்கள். ஸ்கூபாவைக் கடைசி நாளில் வைக்காததற்குக் காரணம் உண்டு: ஒருமுறை மூழ்கினாலே 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலை நம்பி டிக்கெட் போடாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது எங்கள் தலைமேல்தான்.

"ஒரே நாளில் எல்லாம் செய்தேன்" என்று யாராவது கமெண்ட்டில் வருவீர்கள். சந்தோஷம். நான் பயிற்சியாளர் இல்லை, இந்தக் கரையில் வளர்ந்தவன், அவ்வளவுதான்.

இன்னொன்று. பாண்டி என்று சொல்லி ஆபீஸில் லீவு கேட்டால் மேனேஜர் கண்ணடிக்கிறார், "எத்தனை பாட்டில்?" என்கிறார். கடலூர்க்காரனுக்கு 25 கிலோமீட்டர்கூட இல்லாத ஊர் சார் அது, குடிக்க லீவு போட்டா போக வேண்டும்? லாட்ஜ்காரரும் அதே ரகம். பாட்டிலோடு போகிறவனுக்கு ஒரு கேள்வி கிடையாது, சைக்கிளை உருட்டிக்கொண்டு போன என்னிடம்தான் கூடுதல் டெபாசிட் கேட்டார்.